பசித்தோரின் சிரிப்பு

ஜவ்வாது மலையூர்களில் கூத்து நடைபெறும் இரவு, ஊரே உறங்காத இரவு. அடிவாரத்துப் போளூர், செங்கம் பக்கங்களிலிருந்து ஆட்டக்காரர்கள் மலையேறி வருவர். சாமை அடித்த களத்தில் விளக்கு ஏற்றப்படும். மத்தளமும் முகவீணையும் ஒலிக்கத் தொடங்கினால், கம்பளி போர்த்திய முதியோர் முதல் தாய்மடியில் கிடக்கும் குழந்தை வரை அனைவரும் வட்டமாக அமர்ந்துவிடுவர். அரசன் வேடம் வெளிப்படுமுன் களத்துக்கு வருபவன் கட்டியக்காரன். அரசனின் புகழைக் கூறி அவனை அழைத்து வருவதே அவனது கடமை. ஆனால் புகழ்வதுபோல் நின்று, குடிமக்களின் குறையை அரசனின் காதில் போடுவதே அவன் உண்மையில் செய்யும் தொழில்.

நாம் மலைப் பங்கில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில் கண்ட ஆட்டம் ஒன்று இன்றும் கண்முன் நிற்கிறது. துரியோதனன் தன் நாட்டின் செழிப்பை நீட்டி முழக்கி முடித்தான். கட்டியக்காரன் கைகட்டி நின்று, "எல்லாம் சரிங்க ராசா! அடுப்புக்கு நாலு சுள்ளி பொறுக்கணும்னா உங்களக் கேக்கணுமா, கார்டு ஐயாவக் கேக்கணுமா?" என்றான். களம் அதிர்ந்தது. சிரித்தவர்களுள் பலர், அன்று காலையில்தான் விறகுக்காகக் காட்டினுள் நுழைந்து அஞ்சி அஞ்சித் திரும்பியவர்கள்.

அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மலைச் சிறுவர்கள் நாடகம் ஒன்றைத் தாமே அமைத்தனர். வானதூதர் இடையர்களுக்கு நற்செய்தி அறிவிக்கிறார். எல்லாரும் எழுந்து பெத்லகேமுக்குப் புறப்படுகின்றனர். ஓர் இடையன் மட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, களி கிண்டித் தந்தாலன்றி எழமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். ஒத்திகையைப் பார்த்த நாம் அக்காட்சியை நீக்கச் சொன்னோம். புனிதமான இரவில் இந்தக் கோமாளித்தனம் எதற்கு என்று கேட்டோம். சிறுவர்கள் மறுபேச்சின்றித் தலையசைத்தனர். நாடகம் ஒழுங்காகவும் பக்தியாகவும் நடந்தேறியது. ஆனால் எவரும் சிரிக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் மறந்தே போயிருந்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் மெக்சிக்கோ நாட்டின் நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, நாம் நீக்கிய அந்த இடையன் அங்கே எழுந்து வந்து நம் முன் நின்றான். அவ்வரலாற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழ மறுத்த இடையன்

1524ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் துறவியர் பன்னிருவர் மெக்சிக்கோவில் வந்திறங்கினர். வாளின் வலிமையால் வீழ்த்தப்பட்ட ஒரு மக்களினத்துக்கு அன்பின் நற்செய்தியை எப்படிச் சொல்வது என்பது அவர்கள்முன் நின்ற கடினமான கேள்வி. அவர்கள் அம்மக்களின் நாகுவாத்தில் மொழியைக் கற்றனர். ஆடலிலும் பாடலிலும் அம்மக்களுக்கு இருந்த ஈடுபாட்டைக் கண்டனர். 1530களிலேயே இறுதித் தீர்வையும் ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியும் நாகுவாத்தில் மொழியில் நாடகங்களாயின. நம் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் புனிதர் வரலாறுகள் நாட்டுக்கூத்துகளாக மலர்ந்ததும், தமிழகப் பங்குகளில் பாஸ்கு நாடகங்கள் வேரூன்றியதும் இதே வழியில்தான்.

அந்நாட்டில் இன்றுவரை கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நடிக்கப்பெறுவது 'பஸ்தொரேலா' எனப்படும் இடையர் நாடகம். இடையர்கள் பெத்லகேமுக்குப் பயணம் போகின்றனர். வழியெங்கும் சாத்தான்கள் தடை செய்கின்றனர். மிக்கேல் அதிதூதர் வந்து காக்கிறார். இவர்களிடையே பர்த்தோலோ என்றோர் இடையன் உண்டு. சோம்பேறி, சாப்பாட்டுப் பிரியன். மீட்பர் பிறந்தார் என்று எல்லாரும் எழுப்பினாலும் படுக்கையை விட்டு எழ மறுப்பவன். கடைசியில் அவனும் எழுந்து குழந்தையின்முன் மண்டியிடுவான். தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் அவனைக் கண்டு சிரித்து வருகின்றனர். அவனால் அந்த இரவின் புனிதம் குறைந்ததென்று யாரும் கருதவில்லை. இதைப் படித்த அன்று நம் மலைச் சிறுவனை நினைத்து நாணினோம். பர்த்தோலோவின் பெயரையே கேட்டறியாத ஒரு மலைச்சிறுவன், அவனைத் தன் வயிற்றிலிருந்தே கண்டுபிடித்திருந்தான்.

கூடாரத்துக் கோமாளி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் மெக்சிக்கோவுக்குக் குருதி தோய்ந்த காலம். 1910இல் புரட்சி வெடித்தது. 1926 முதல் 1929 வரை திருச்சபையை ஒடுக்கிய அரசுக்கும் கத்தோலிக்க மக்களுக்கும் இடையே போர் மூண்டது. ஆலய வழிபாடு நின்றுபோன அந்நாட்களில், பிச்சைக்காரராகவும் தொழிலாளியாகவும் வேடம் மாற்றி நற்கருணையை வீடு வீடாகக் கொண்டு சென்றவர் இயேசு சபைக் குரு மிகேல் ப்ரோ. இளமையிலேயே நடிப்பிலும் நகைச்சுவையிலும் தேர்ந்தவர் அவர். காவலர் தேடி வந்தபோதெல்லாம் அந்த நடிப்பே அவருக்குக் கேடயமாயிற்று. 1927 நவம்பர் 23ஆம் நாள் கைகளைச் சிலுவை வடிவில் விரித்து, கிறிஸ்து அரசர் வாழ்க என்று முழங்கிச் சுடப்பட்டு இறந்தார். 1988இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. சிரிக்கத் தெரிந்தவர் மறைச்சாட்சியாக இயலாது என எண்ணுவோருக்கு அவர் வாழ்வே மறுமொழி.

போர் ஓய்ந்தபின் நாட்டுப்புறத்து ஏழைகள் மெக்சிக்கோ நகரின் ஓரங்களில் வந்து குவிந்தனர். அவர்களுக்காகச் சேரிகளின் நடுவே கித்தான் கூடாரங்கள் எழுந்தன. சில காசுகளுக்குப் பாட்டு, ஆட்டம், கோமாளி வேடிக்கை. இத்தகைய கூடாரம் ஒன்றில் 1930களில் தோன்றியவர் மரியோ மொரேனோ. 1911இல் பிறந்த இவரை உலகம் கான்டின்பிளாஸ் என்ற பெயரால் அறியும். இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் காற்சட்டை. அதைப் பிடித்து நிறுத்தும் கயிறு. தோளில் ஒரு கந்தைத் துணி. அக்கந்தையைத் தன் மழைக்கோட்டு என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இக்கோலம் நகரத்து ஏழைத் தொழிலாளியின் கோலம். அவருடைய ஆயுதமோ பேச்சு. நிறையப் பேசுவார், ஒன்றுமே சொல்லமாட்டார். பெரியோர் பேசும் பெரும்பேச்சின் வெறுமை அப்பேச்சிலே அம்பலமாகும். அவர் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொல்லை 1992இல் ஸ்பானிய மொழிக் கழகமே தன் அகராதியில் ஏற்றுக்கொண்டது.

1940இல் வெளிவந்து அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்திய படத்தின் தலைப்பை, 'அங்கேதான் இருக்கிறது சங்கதி' என்று தமிழில் கூறலாம். அதன் கதை ஒரு வேளைச் சோற்றிலிருந்து தொடங்குகிறது. பணக்கார வீட்டின் பணிப்பெண்ணைக் காதலிக்கும் ஏழை, இரவுச் சாப்பாட்டை நாடி அங்கே வருகிறான். வெறிபிடித்த வீட்டு நாயைக் கொன்றால்தான் சோறு என்கிறாள் அவள். நாயின் பெயர் பாபி. அதே பெயரால் அழைக்கப்பட்ட வேறொரு மனிதனும் கொலையுண்டு போகிறான். நீதிமன்றத்தில், பாபியைக் கொன்றாயா என்று கேட்கிறார்கள். நாயைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, ஆம், கொன்றேன் என்கிறான் நம் ஏழை. அவனுடைய குழப்பப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வழக்கறிஞரும் நீதிபதியுமே அவனைப்போல் உளறத் தொடங்கிவிடுகின்றனர். ஏழைக்குச் சட்டத்தின் மொழி புரிவதில்லை. சட்டத்துக்கோ ஏழையின் மொழி புரிவதில்லை. இவ்வுண்மையை இத்துணை எளிதாக விளக்கிய காட்சி அரிது.

நம் நாட்டில் இவருக்கு இணையானவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த அவரும் நாடகக் கொட்டகையில் சோடா விற்று, அங்கிருந்தே மேடையேறியவர். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் காலட்சேபத்தின் சாயலில் 'கிந்தனார்' காலட்சேபம் நிகழ்த்தி, ஒடுக்கப்பட்ட சிறுவனைக் கோயில் வாசலுக்குப் பதிலாகப் பள்ளிக்கூட வாசலுக்கு அனுப்பியவர். ஒருவர் ஸ்பானிய மொழியிலும் மற்றவர் தமிழிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதே பணியைச் செய்துள்ளனர். ஒரு நாட்டுக் கூடாரமும் மற்றொரு நாட்டுக் கொட்டகையும் பெற்றெடுத்த பிள்ளைகள் இவர்கள்.

1964இல் கான்டின்பிளாஸ் 'சின்னச் சாமியார்' எனப் பொருள்படும் படத்தில் இளங்குருவாக நடித்தார். முதிய பங்குக்குருவின் இடத்துக்கு அனுப்பப்படும் அவரை ஊர் ஏற்க மறுக்கிறது. ஊரை ஆட்டிப்படைக்கும் செல்வரை அவர் எதிர்கொள்கிறார், ஏழைகளோடு சேர்ந்துகொள்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியிருந்த காலத்தில், ஒரு கோமாளி குருவானவரின் அங்கியை அணிந்து, மேய்ப்பன் மந்தையின் வாடையை அறிந்திருக்க வேண்டும் என்று காட்டியது சிந்தனைக்குரியது.

விறகுவெட்டியும் சாவும்

மெக்சிக்கோவின் துயர நாடகப் படங்களும் இதே மண்ணில் முளைத்தவையே. எமிலியோ பெர்னாந்தெஸ் இயக்கிய 'மரியா கண்டெலாரியா' (1943), ஊரார் கல்லெறிந்து கொல்லும் ஒரு பழங்குடிப் பெண்ணின் கதை. 1946இல் கான் திரைப்பட விழாவில் அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. ஆயினும் நம் உள்ளத்தை மிகவும் தொட்டது ரொபெர்த்தோ கவல்தோன் இயக்கிய 'மக்காரியோ' (1960).

மக்காரியோ ஓர் ஏழை விறகுவெட்டி. வீடு நிறையக் குழந்தைகள். தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுத்துக் கொடுத்தே பழகியவன். இறந்தோர் நினைவு நாளின்போது, செல்வர் வீட்டு வான்கோழிகளைக் கண்டு அவன் ஒரு சூளுரைக்கிறான்: யாரோடும் பகிராமல் ஒரு முழு வான்கோழியைத் தனியே தின்னும்வரை இனி உண்ணேன்! மனைவி ஒன்றைத் திருடிச் சமைத்துக் கொடுக்கிறாள். காட்டில் அமர்ந்து அவன் உண்ணப் போகும் நேரத்தில் மூவர் வந்து பங்கு கேட்கின்றனர். முதலாமவன் சாத்தான், அவனுக்கு மறுத்துவிடுகிறான். இரண்டாமவர் எளிய முதியவர் உருவில் வந்த இறைவன், அவருக்கும் மறுக்கிறான். எல்லாம் உம்முடையதாயிருக்க, என்னிடம் நீர் கேட்பது உணவையன்று, என் மனத்தையே என்கிறான். மூன்றாவதாக வருவது சாவு; அதுவும் அவனைப்போலவே மெலிந்து பசித்த குடியானவன் உருவில். அதற்கு மட்டும் பாதியைக் கொடுக்கிறான். அது தின்று முடிக்கும்வரையாவது நமக்கு உயிர் இருக்குமே என்பது அவன் கணக்கு. இந்த இடத்தில் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைக்கிறது.

இறைவனுக்கு மறுத்தவனை மறையுரையில் கண்டிப்பது எளிது. ஜவ்வாது மலையில் வாழ்ந்தவர்க்கு அது எளிதன்று. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனப்பட்ட தமிழர் 20 பேர் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் இம்மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்த மக்களும் இருந்தனர். சாமையும் பலாவும் புளியும் விளையும் மலையிலிருந்து ஒருவன் அயல்மாநிலக் காட்டுக்குக் கோடரியோடு போகிறான் என்றால், அவனை அழைத்துச் சென்றது எது? தன்னைப்போலவே பசித்த ஒருவன் என்று எண்ணித்தான் மக்காரியோ சாவோடு உணவைப் பகிர்ந்தான். நம் மக்களும் அவ்வாறே அதனருகில் சென்று அமர்ந்தார்களோ? இந்த 20 பேரைப் பற்றி நாளிதழ்கள் சில வாரங்கள் எழுதின. அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றிய ஒரு 'மக்காரியோ' நம் மொழியில் பிறந்ததாக நாம் அறியோம்.

வீட்டுக்குள் வந்த மேடை

திரையரங்கிலிருந்து கதை வீட்டுக்குள் புகுந்தபோதும் மெக்சிக்கோவின் பசி அதனோடு சென்றது. ரொபெர்த்தோ கோமெஸ் பொலாஞோஸ் (1929-2014) என்பவர் 1970களில் தொலைக்காட்சியில் ஓர் அனாதைச் சிறுவனாகத் தோன்றினார். நாற்பது வயதைக் கடந்தவர் எட்டு வயதுப் பையனாக நடித்தார். ஒண்டுக்குடித்தன வீடுகளின் முற்றத்தில் ஒரு மரப்பீப்பாய். அதனுள் ஒளிந்துகொள்ளும் அச்சிறுவன். அவன் கனவெல்லாம் இறைச்சி வைத்த ஒரு ரொட்டி. பக்கத்திலே 14 மாத வாடகை பாக்கி வைத்திருக்கும் வேலையற்ற தந்தை. வாடகை கேட்டு வரும்போதெல்லாம் சிறுவனிடம் அடிபடும் வீட்டுக்காரர். இவ்வளவுதான் கதை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளும் பிரேசிலும் தலைமுறைகளாக இதைக் கண்டு சிரித்தன. ஏழைச் சிறுவனின் பசியைக் காட்டி அவனை இகழாமலே சிரிக்க வைத்தது அத்தொடரின் அருமை.

இதே காலத்தில் மேடை இயக்குநர் மிகேல் சபிதோ, தொடர் நாடகத்தால் சமுதாயத்துக்கு நன்மை செய்யலாகுமா என்று ஆராய்ந்தார். நல்லவர், தீயவர், இருவருக்கும் இடையே தடுமாறுபவர் என மூவகை மாந்தரை அவர் அமைத்தார். பார்வையாளர் தம்மைக் காண்பது தடுமாறுபவரில்தான் என்பது அவரது கருத்து. 1975இல் ஒளிபரப்பான 'என்னோடு வா' என்னும் பொருளுடைய தொடர், எழுத்தறியாத முதியோரைப் படிக்கத் தூண்டியது. லட்சக்கணக்கானோர் முதியோர் கல்வி வகுப்புகளில் சேர்ந்தனர்.

இந்த முறையே நம் நாட்டுக்கும் வந்தது. மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த வசந்த் சாத்தே மெக்சிக்கோ சென்று வந்ததையொட்டித் தூர்தர்ஷன் இத்திட்டத்தை மேற்கொண்டது. 1984 ஜூலை 7ஆம் நாள் தொடங்கிய 'ஹம் லோக்', 156 பகுதிகளாக 1985 டிசம்பர் வரை ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. குடிகாரத் தந்தை, வாயில்லாத் தாய், திருமணத்துக்கு நிற்கும் பெண்கள், வேலை தேடும் மகன் என ஒரு கீழ்நடுத்தரக் குடும்பத்தின் கதை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, மக்களோடு மூத்தவர்போல் உரையாடுவார். குடும்பநல அறிவுரை அளவுக்கு மீறியபோது மக்கள் முகம் சுளித்தனர். கதை சுவைபட மாற்றப்பட்டபின் லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. மறையுரையாற்றும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

இன்னொரு கிளையும் மெக்சிக்கோவிலிருந்தே படர்ந்தது. 1979இல் தொடங்கிய 'பணக்காரரும் அழுகின்றனர்' என்னும் பொருள்படும் தொடர் பல நாடுகளுக்கும் சென்றது. சோவியத் ஒன்றியம் சிதைந்த காலத்தில் ரஷ்ய மக்கள் அதைப் பார்த்துக் கண்ணீர் வடித்தனர். அத்தலைப்பிலே ஓர் உண்மை உண்டு. செல்வரின் கண்ணீரும் உப்புக் கரிப்பதே. ஆனால் நாள்தோறும் செல்வரின் கண்ணீரை மட்டுமே காண்பவன், தன் கண்ணீரைப் பொருட்படுத்த மறந்துவிடுகிறான். 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் மலைக் குடிசைகளுக்கும் பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் தெரிந்தவை பெரும்பாலும் பளிங்குத் தரையும் பட்டுச் சேலையும் சொத்துச் சண்டையும். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போய்த் திரும்பும் மலைவாசி, அப்பெட்டிக்குள் தன் முகத்தைக் காணவில்லை. தன் கட்டியக்காரனையும் காணவில்லை.

திருச்சபை இத்துறையைக் கைவிட்டதில்லை. 1936இல் பதினோராம் பத்திநாதரும், 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதரும் இதுபற்றிச் சுற்றுமடல் வரைந்தனர்; 1963இல் வத்திக்கான் சங்கமும் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையேடு வெளியிட்டது. ஆனால் எதைப் பார்க்கக் கூடாது என்பதை நாம் சொன்ன அளவுக்கு, எதைக் கண்டு சிரிக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. 2024 ஜூன் 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், நூற்றுக்கு மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் வரவேற்றார். அன்புள்ளோரிடம் விளையாடுவதுபோல் இறைவனிடமும் சிரித்து விளையாடலாம் என்று அவர்களிடம் கூறினார். லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழைகளையும் பசித்திருப்போரையும் அழுவோரையும் பேறுபெற்றோர் என்று ஆண்டவர் அடுத்தடுத்து அழைக்கிறார். அழுவோருக்கு அவர் அங்கே வாக்களிப்பது வேறொன்றையும் அன்று, சிரிப்பையே. பசித்தோரின் சிரிப்பு, வரவிருக்கும் அரசின் முன்சுவை எனலாம். அதை ஒத்திகையிலேயே வெட்டி எறிய நமக்கு யார் உரிமை தந்தது?

அந்த இடையனாக நடித்த சிறுவன் இன்று குடும்பஸ்தர். ஆண்டில் பெரும்பகுதி அயல்மாநிலத்தில் கட்டட வேலை. ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வந்திருந்தவரை மீண்டும் சந்தித்தோம். அன்று உன் காட்சியை நீக்கியது தவறு தம்பி என்றோம். அவர் முதலில் புரியாமல் விழித்தார்; பின் நினைவு வந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"அது நடிப்பு இல்லீங்க சாமி. அன்னைக்கு எனக்கு நெசமாலுமே பசி."

இனி வரும் கிறிஸ்து பிறப்பு விழாவில் உங்கள் பங்குச் சிறுவர்களும் நாடகம் ஆடுவார்கள். அவர்களுள் ஒருவன் போர்வைக்குள் கிடந்து எழ மறுத்தால், அவனை விட்டுவிடுங்கள். அவன் கேட்பது என்னவென்று முதலில் கேளுங்கள். முடிந்தால் களி கிண்டிக் கொடுங்கள். அவனும் எழுந்து வருவான். குழந்தை இயேசுவின் முன் அவனுக்கும் ஓர் இடம் உண்டு.